இரண்டாம் முறை கேட்பது

பெங்களூரில் அந்த ஓட்டல் அரங்கில் இரண்டு நாளும் என் பார்ட்னர் தேநீர் குடிக்கக்கூடப் போகவில்லை. வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் எங்கள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க, முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றார். ஒருவர் திரும்பி வருவார் என்று காத்திருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சிடியில் விளையாட்டும் படமும் பாட்டும் போட்டு விற்கிறவர்கள் கூடிய மாநாடு. நாங்கள் இருவரும் பீளமேட்டில் ஒரு மாடி அறை பிடித்து, இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரே ஒரு விளையாட்டைச் செய்திருந்தோம். படங்கள் நான் வரைந்தவை, மற்றதெல்லாம் அவர் எழுதிய புரோகிராம். ஒரே வயதுதான், ஆனாலும் ஒருவரையொருவர் ‘ங்க’ போடாமல் கூப்பிட்டதில்லை. விளையாட்டில் ஆடுகிறவர்தான் கண்டக்டர். உடுமலையில் கிளம்பித் தாராபுரம் போகிற பஸ்ஸில், அடுத்த ஸ்டாப் வருவதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துவிட வேண்டும். பயணிகளின் குரல் அத்தனையும் பார்ட்னருடையதே. “ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க” என்று பின்சீட்டிலிருந்து அவர் கெஞ்சுவது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதை வெளியிட ஒரு கம்பெனி கிடைத்தால் அறையை வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் பூட்டிவிட்டு ஆளுக்கொரு வேலை தேடுவது என்று பேசி முடித்துவிட்டுத்தான் போயிருந்தோம்.

முதல் நாள் காலையிலேயே சிடி வெளியிடும் பம்பாய்க்காரர் ஒருவர் வந்தார். நின்றபடியே இருபது நிமிடம் விளையாடினார். பாதிப் பேருக்கு டிக்கெட் கொடுக்காமல் கோட்டை விட்டு, தன்னைத்தானே பார்த்துச் சிரித்தார். பிறகு ஆங்கிலத்தில் நேராகவே கேட்டார், இதை நாங்கள் வெளியிடுகிறோம், கொடுப்பீர்களா என்று.

பார்ட்னரின் முகம் சிவந்துவிட்டது. “லெட் இட் பி தேர், சார்” என்றார்.

எங்கள் பக்கம் யார் எதைக் கொடுத்தாலும் முதலில் “இருக்கட்டுங்க” என்போம். சாப்பிடக் கூப்பிட்டாலும் இருக்கட்டுங்க, உட்காரச் சொன்னாலும் இருக்கட்டுங்க. வேண்டாம் என்று அதற்குப் பொருளில்லை. இன்னொரு தடவை கேளுங்கள் என்று பொருள், கேட்கவும் கேட்பார்கள். அதைத்தான் அவர் அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பம்பாய்க்காரர் கைகொடுத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். எனக்கும் அவர் மறுபடி கேட்பார் என்றே தோன்றியது.

“வருவாருங்க பார்ட்னர். மொதத் தடவையே சரின்னு சொல்லிப்போட்டா, அலையறோம்னு நெனச்சுக்குவாருங்க” என்றார் பார்ட்னர்.

மறுநாள் மாலை மேசைத்துணிகளை மடிக்க ஆட்கள் வந்தார்கள். எங்கள் மேசைக்குக் கடைசியாக வரும்படி பார்ட்னர் அவர்களிடம் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருட மாநாட்டுக்கு நான் மட்டும் போனேன். அறையை அதற்குள் விட்டுவிட்டிருந்தோம். பம்பாய்க்காரர் என்னை அடையாளம் கண்டு, “உங்கள் நண்பர் மறுத்துவிட்டாரே” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். வேறொருவரின் விளையாட்டை எடுத்துக்கொண்டாராம். அங்கேயே எனக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் படம் வரையும் வேலை கிடைத்தது.

ஊர் திரும்பியதும் உடுமலையில் பார்ட்னர் வீட்டுக்குப் போனேன். பம்பாய்க்காரர் சொன்னதை மறைத்துவிட்டு வேலை கிடைத்ததை மட்டும் சொன்னேன். “புரோகிராம் எழுதவும் ஆள் வேணுமாமுங்க. நீங்களும் வாங்க பார்ட்னர்.”

“இருக்கட்டுங்க” என்றார். “நீங்க போய்ட்டு வாங்க.”

வேறு யாரையும்விட அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவன் நான். ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. அவர் வந்தால் அங்கேயும் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள், என் படங்கள் அவருடைய பஸ்ஸுக்கு அடித்த பெயின்ட்டாகிவிடும் என்று நினைத்தேன். பொறாமைதான். இத்தனை வருடம் கழித்துச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

இப்போது வருடத்துக்கு நாலைந்து மாநாடுகளுக்குப் போகிறேன். கழுத்தில் பெயர் அட்டையோடு ஆயிரம் பேருக்கு நடுவில் தட்டை ஏந்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறேன். யாரிடமும் எதையும் இரண்டு தடவை கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. “அதான் வேண்டாம்னு சொன்னேனே சார்” என்று இளைஞர்கள் சலித்துக்கொள்கிறார்கள். பார்ட்னர் இன்று என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது.

அன்று உடுமலை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வழியனுப்ப வந்தார். டிரைவர் வரக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, அவர் வெளியே வெயிலில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அமராவதி அணையில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றியே கால் மணி நேரமும் பேசினேன். பஸ் நகர்ந்த பிறகும் கம்பியை விடாமல் நாலைந்து அடி கூடவே நடந்து வந்தார். நான் கையசைத்தேன்.