மாதாவின் பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து இறங்கி வெயிலில் நடந்துகொண்டிருந்தோம். முன்னால் சித்தப்பா, அவர் தலைமேல் மாதா, மாதாவின் மடியில் குழந்தை. பின்னால் கேக் பொட்டலத்தோடு நான். அதன் பிறகு எத்தனையோ ஊர்களிலிருந்தும் வேலைகளிலிருந்தும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். திருப்பியனுப்பப்பட்ட ஒருவர் அவ்வளவு குஷியாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா இல்லை. அப்பா ஜொகூர் பக்கம் லோரி ஓட்டினார். அதனால் கிள்ளானில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அந்த வீட்டில் சின்னப்பிள்ளை என்றால் நான் ஒருத்திதான். சித்தப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார், கோயில் சுவரில் முனியாண்டிக்கு மீசை வரைவார். இரண்டும் இல்லாத மாதங்களில் கஞ்சி கொஞ்சம் தண்ணியாக இருக்கும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு மாதத்தில்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆன்டி வந்தார். புதுவீட்டு ஜெப அறைக்கு மாதா படம் வேண்டும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் யாரோ வரைந்தது. அச்சடித்தது ஆகாது, கையால் வரைந்தது வேண்டும், ஆனால் அச்சு அசலாக இருக்க வேண்டும். பிடித்துவிட்டால் அவருடைய ஜெபக்கூட்டத்துத் தோழிகளும் ஆளுக்கொரு படம் கேட்பார்கள். அது ஒரு வருஷத்து வேலை.

சித்தப்பா மாதிரிப் படத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக மாதாவை இறக்கினார். நீல முக்காட்டுக்கே இரண்டு வாரம் ஆனது. அசலில் அந்தக் குழந்தைக்கு ஐம்பது வயது குமாஸ்தாவின் முகம். சித்தப்பாவின் தூரிகையில் கன்னத்தில் சதை ஏற ஏற, குமாஸ்தா போய்ப் பிள்ளை வந்தது. டர்பன்டைன் வாசனை சித்திக்குத் திடீரென்று ஆகாமல் போனது. வாயைப் பொத்திக்கொண்டு அடிக்கடி பின்வாசலுக்கு ஓடினாள். சித்தப்பா படத்தை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஓடுவார்.

கடைசி நாள், எல்லாம் முடிந்த பிறகு, சுண்டுவிரலில் கறுப்பு மையைத் தொட்டுக் குழந்தையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தார். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கொழுகொழு குழந்தை, உடம்பில் துணிகூட இல்லை, பொட்டும் இல்லாமல் எப்படி வெளியே அனுப்புவது?

படத்தைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுபோனபோது ஆன்டிக்குத்தான் ஆச்சரியம்.

“இது என்ன, மச்சமா?”

“திருஷ்டிப் பொட்டு ஆன்டி.”

“யேசு பாலனுக்கு யார் கண்ணு வைக்கப் போறா?”

“இவ்ளோ அழகா இருந்தா கண்ணு படத்தானே செய்யும்?”

ஆன்டி சிரித்துவிட்டார். ஆனால் சனிக்கிழமை ஃபாதர் ஜெபம் சொல்லிப் புதுவீட்டை மந்திரிக்க வருகிறார், பார்த்தால் என்ன சொல்வார்? “அழிச்சிருங்கலா. ஒரு நிமிஷ வேலைதானே.”

ஒரு நிமிஷம்கூட ஆகாது. துணியும் டர்பன்டைனும் என் கையிலிருந்த பையிலேயே இருந்தன. நான் எடுத்து நீட்டினேன். சித்தப்பா வாங்கவில்லை. குழந்தையைப் பார்த்தார், ஆன்டியைப் பார்த்தார்.

“வேற என்ன சொன்னாலும் செய்றேன் ஆன்டி. வச்ச பொட்டை அழிக்கமாட்டேன்.”

ஆன்டி கெட்டவர் இல்லை. கேக்கைச் சுற்றிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஒரு வருஷத்து வேலை அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டது.

ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டோம். “அண்ணே, இது லேடீஸ் கோச்!” என்று நாலாபக்கமும் சத்தம். சித்தப்பா படத்தோடு திரும்பினார். மருத்துவமனைச் சீருடையில் இருந்த ஓர் அக்கா தடுத்தார்.

“நீங்க மட்டும் போங்கண்ணே. அம்மாவும் பிள்ளையும் இங்கயே இருக்கட்டும். லேடீஸ் கோச்தானே?”

அடுத்த நிலையத்தில் சித்தப்பா பக்கத்துப் பெட்டிக்கு மாறினார். மாதாவும் நானும் ஆளுக்கொரு இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்தோம். கிள்ளான் வரை பொட்டைப் பற்றித்தான் பேச்சு. கன்னத்தில் வைத்தது சரி, உள்ளங்காலிலும் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். கன்னத்தில் வைப்பது பெண்பிள்ளைக்கு, ஆணுக்கு நெற்றி ஓரம் என்றார் இன்னொருவர். ஒரு சீனப் பாட்டிமா பையிலிருந்து ஆரஞ்சுப்பழம் எடுத்துக் குழந்தைக்குக் காட்டிவிட்டு எனக்குக் கொடுத்தார். கேக் காலியானது.

கிள்ளானில் இறங்கும்போது சீருடை அக்கா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். “எனக்கே குடுத்துருங்கண்ணே. பொட்டோடயே வாங்கிக்கிறேன்.”

“இல்லம்மா,” என்றார் சித்தப்பா. “இது வீட்டுக்கு.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. அழித்தும் கொடுக்கமாட்டார், அழிக்காமலும் கொடுக்கமாட்டார்!

வீட்டில் சித்தி, வாயில் அதக்கிய புளிப்புப் பிளம் பழத்தோடு கதவைத் திறந்தாள். அந்த வாரம் முழுக்க பிளம் பாட்டிலை எனக்குத் தராமல் அவள் ஒருத்தியே தின்றுகொண்டிருந்தாள். தலைமேல் திரும்பி வந்த படத்தைப் பார்த்தாள்.

“அழிக்கச் சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“நீங்க?”

“அதெப்படி அழிக்கறது?”

ஆணியைச் சித்தியே எடுத்து வந்தாள். கட்டிலுக்கு எதிரே, கண் விழித்தால் குழந்தை முகம் தெரிகிற இடத்தில் மாட்டினார்கள். முனியாண்டிக்கு ஏற்றிய சூடத்தை மாதாவுக்கும் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். வேலை போன வீடு மாதிரியே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் அதே கட்டிலில், அதே கன்னத்தில் பொட்டோடு இன்னொரு முகம் வந்து படுத்துக்கொண்டது. அப்போதும் நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

படம் திரும்பி வந்த மறுநாளே விடியற்காலையில் சித்தப்பா பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலைச் சுவருக்குச் சாயம் அடிக்கும் வேலைக்குக் கிளம்பியிருந்தார். முழுக்க வெள்ளை, வரைய ஒன்றுமில்லை, ஆனால் மாதச் சம்பளம். விசிலடித்தபடி மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினார். அதுவரை ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டே ஓட்டிய மனிதர், அன்று தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். மேருக்காரர்கள் ரொம்பக் கண்டிப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.