இருபத்தோராவது வரி

சென்ற ஞாயிற்றுக்கிழமை, பாகலூர் சாலையில் புதிதாக முளைத்திருக்கும் விளையாட்டுக் கூடம் ஒன்றுக்கு என்னை இழுத்துப் போனார்கள், நண்பரே. மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து, பகடை உருட்டி, பாழடைந்த கோட்டைகளுக்குள்ளும் பாதாளச் சுரங்கங்களுக்குள்ளும் வாய்ப்பேச்சாலேயே பயணம் போகும் கற்பனை விளையாட்டு அங்கே நடக்கிறது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒரு காலத்தில் நானும் அதில் மாவீரன். அந்தப் பழம்பெருமையோடு நாற்காலியில் சாய்ந்தேன்.

என் முன்னால் ஓர் அட்டையைப் போட்டார்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை. அதில் 'வீரனின் தொடக்கப் பொருள்கள்' என்று அச்சடித்திருந்தது: வாள், கேடயம், போர்வை, பத்து நாள் உணவு, தீப்பந்தம், ஐம்பதடிக் கயிறு. எனக்கு முன்னால் அமர்ந்தவர் தின்றுவிட்டுப் போன உருளைக்கிழங்கு வறுவலின் எண்ணெய், அட்டையின் ஓரத்தில் உறைந்து, என் பெருவிரலில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. "எல்லாம் ரெடியா இருக்கு சார், நேரா ஆரம்பிச்சிடலாம்" என்றாள் கூடத்துப் பெண். அட்டையைத் தள்ளி வைத்தேன். எண்ணெயால் மட்டுமில்லை. ஒருவன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது எதை எடுத்துக்கொள்வான் என்ற கேள்வியை அவனிடம் கேட்காமலேயே ஒரு தொழிற்சாலை அச்சடித்துவிட்டதே, அதனால்.

எண்ணெய் என்றதும் நினைவு வேறு ஓர் எண்ணெய்க்குப் போகிறது. ஓசூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரங்களுக்குக் குளிர்ச்சிக்காக ஊற்றும் பால்போன்ற திரவத்தின் வாடையை நீங்கள் முகர்ந்திருக்கிறீர்களா? சட்டையைத் துவைத்தாலும் போகாது. சோற்றை அள்ளும்போது விரலிடுக்கிலிருந்து வரும். அங்கே வேலை பார்த்தபடி நாங்கள் இதே விளையாட்டை ஆடிய காலத்தில், எங்கள் பொருள் பட்டியல்கள் அந்த வாடையடித்தன. ஏனெனில் அவற்றை எழுதியது பழைய ஆய்வுப் படிவங்களில். நிறுவனத்தின் முத்திரை மாறியதால் கழித்துப்போட்ட படிவங்கள் அவை. ஒவ்வொன்றிலும் இருபது கட்டங்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அந்தக் கழிவுத் தாளைக்கூடக் காவலாளியிடம் சீட்டு எழுதிக் காட்டித்தான் வெளியே கொண்டுவந்தார் பசவராஜ். தரப் பரிசோதகர், எங்கள் கதையை நடத்தியவர், வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபத்தில் தெலுங்கு. ஞாயிறு காலையில் அவர் வீட்டு முன்னறையில் கூடுவோம். அவருடைய மனைவி ஒரு தட்டு நிறைய அவல் உப்புமாவை வைத்துவிட்டு, "இன்னிக்கு யாரு சாகறது?" என்று கேட்டுப் போவார்.

பசவராஜ் எங்கள் ஆலை வாசலின் சட்டத்தை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். உள்ளே எடுத்துப் போகும் பொருளைச் சீட்டில் எழுதியிருந்தால்தான் அது உன்னுடையது. எழுதாவிட்டால், உன் கையிலேயே இருந்தாலும் இல்லை. பட்டியலைச் சத்தமாகப் படித்து, கையெழுத்துப் போட்டு, அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதோடு தாமாகவே ஒரு விதி சேர்த்தார்: "மொதல் அஞ்சு சாமான் நெஜம். நீங்க மொத மொதல்ல ஹொசூர்ல எறங்குறப்ப கைல என்ன இருந்துச்சோ, அதுல அஞ்சு. மத்ததெல்லாம் கதைக்குத் தோதா எழுதிக்குங்க."

இந்தப் பட்டியலுக்கு மட்டும் இரண்டு ஞாயிறுகள் செலவழித்தோம். நான் பட்டப்படிப்பு முடித்த கையோடு திருச்சிப் பக்கமிருந்து வந்திறங்கியபோது என் பையில் இருந்தவை: மாற்று உடை ஒன்று, ஒரு போர்வை, பேச்சுப் போட்டிகளில் வென்ற கேடயங்கள் மூன்று. சோப்பு கொண்டுவர மறந்தவன் கேடயங்களை மறக்கவில்லை. என் அந்நாளைய குணம் அது. என் குதிரைவீரனுக்கு அவற்றையே எழுதி, கூடவே ஒரு மடக்கு மேடையும் எழுதினேன்.

"மேடைய யாரு தூக்குறது?" என்றார் பசவராஜ்.

"குதிரை."

"குதிர மேல நீ. ஒன் மேல மூணு கேடயம். குதிரைக்கு யூனியன் இருக்கா, இல்லியா?"

கேடயம் ஒன்றாகக் குறைந்தது, மேடை ஒழிந்தது. கருவிக் கிடங்கில் வேலை பார்த்த முனிராஜ் உள்ளூர்க்காரன். பாகலூரிலிருந்து சைக்கிளில் வந்தவன். அவனுடைய ஐந்து நிஜங்களில் ஒன்று டிபன் பாக்ஸ். அந்த ஆண்டு முழுவதும் அவன் பாத்திரம் டிபன் பாக்ஸால் இரண்டு பூதங்களை மண்டையில் அடித்துக் கொன்றது.

நான்காவது ஆள் இசக்கி. மின்சாதனம் பொருத்தும் பிரிவில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். ஞாயிறு பத்து மணிக்கு வெளியே வந்தால் ஐந்து மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும். அவள் பாத்திரத்தின் பெயர் பூவாயி, காடறிந்த வழிகாட்டி. எங்கள் பட்டியல்களில் போரே இருந்தது. அவள் பட்டியலில் ஊசியும் நூலும் உப்புப் பொட்டலமும் இருந்தன. "எல்லாம் வெட்டுறதுக்கே எடுத்தா, கிழிஞ்சத யாரு தைப்பா?" என்று கேட்டாள். அவளுடைய நிஜம் ஐந்தில் ஐந்தாவது, கயிறு. அவள் ரயிலேறியபோது பெட்டியின் பூட்டு உடைந்துபோய், அவளுடைய அப்பா கயிற்றால் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொடுத்தாராம்.

பட்டியல்களை அழகாகப் படியெடுக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். கையெழுத்தைப் பற்றிய கர்வம், வேறென்ன! இசக்கியின் பட்டியலில் இருபத்தொரு பொருள்கள். படிவத்தில் இருபது கட்டங்கள். ஒன்றை நீக்க வேண்டும். அவளைக் கேட்டிருக்கலாம், விதியின் முதல் ஐந்தையாவது தொடாமல் விட்டிருக்கலாம். நீண்ட உரையிலிருந்து ஒரு வாக்கியத்தை வெட்டுவதுபோல் கயிற்றை வெட்டினேன். கயிறு என் குதிரையின் முதுகில்தான் ஏற்கெனவே இருக்கிறதே, ஒரு குழுவுக்கு ஒன்று போதாதா என்பது என் நியாயம். படித்துக்காட்டும்போது அவசரமாகப் படித்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள். நானும் அதை மறந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருண்ட குகையின் வாசலில் என் வீரன் விளக்கேற்றினான். என் பட்டியலில் விளக்கு இல்லை. "என்ட்ரி இல்லியே அண்ணே!" என்று முதலில் சிரித்தவள் இசக்கி. எல்லாரும் சிரித்தார்கள். விளக்கின்றி நுழைந்து என் குதிரையைப் பள்ளத்தில் இழந்தேன்; குதிரையோடு கயிறும் போயிற்று. மாவட்ட அளவில் வென்ற பேச்சாளனைப் பார்த்து ஒரு மேசையே சிரித்தது. அந்தச் சிரிப்பை இரண்டு வாரம் நெஞ்சில் ஊறவைத்தேன்.

மூன்றாவது வாரம் பூவாயி ஒரு கிணற்றுக்குள் விழுந்தாள். நீர் ஏறிக்கொண்டிருந்தது. மேலே சுவரில் ஓர் இரும்பு வளையம். இசக்கி பதறவேயில்லை. "எங்கிட்ட கயிறு இருக்குல்லா. வளையத்துல மாட்டி ஏறிருதேன்."

பசவராஜ் தாள்களைப் புரட்டினார். "லிஸ்ட்டல்லி இதியா?" என்று, பட்டியலில் இருக்கிறதா எனக் கன்னடத்தில் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு விரலால் இருபது கட்டங்களையும் தொட்டு வந்தார். கயிறு இல்லை. அவர் முகம் வாடியது. முனிராஜ், "உடு குரு, எழுத மறந்திருக்கும். பாவம், எட்டு மாசம் ஆடியிருக்கு" என்றான். பசவராஜும் தாளைக் கவிழ்த்து வைக்கப் போனார்.

அப்போது நான் எழுந்தேன், நண்பரே. உட்கார்ந்தே பேசியிருக்கலாம், ஆனால் எழுந்தேன். விதி என்பது விரும்பியபோது அணிந்து வேண்டாதபோது கழற்றும் அங்கியா என்று தொடங்கினேன். என் விளக்குக்கு இல்லாத இரக்கம் இவள் கயிற்றுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சான்று, எதிர்ச்சான்று, உவமை, இடைநிறுத்தம்: கற்றதனைத்தும் அந்த முன்னறையில் அரங்கேறியது. மூன்றாவது வாதத்தின் நடுவில் எனக்கு நினைவு வந்தது. இருபத்தொரு பொருள்கள், இருபது கட்டங்கள், என் பேனா. சொல் ஒரு கணம் நின்றது. கேட்டவர்கள் அதையும் இடைநிறுத்தம் என்றே எண்ணியிருப்பார்கள். பேச்சை நடுவில் நிறுத்துபவன் பேச்சாளன் அல்லன் என்பது எனக்குத் தந்த பயிற்சி. நான் நிறுத்தவில்லை. முடிவுரை முன்னுரையைவிட நன்றாக அமைந்தது.

பசவராஜ் தலையைத் தடவிக்கொண்டு, "நியாயம்தான்" என்றார். நீர் ஏறியது. பூவாயி செத்தாள்.

இசக்கி எழுந்தாள். தன் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வாரேன் அக்கா" என்று பசவராஜின் மனைவியிடம் மட்டும் சொல்லிப் போனாள். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை.

அவள் கையால் எழுதிய முதல் தாள் என் கோப்பில்தான் இருந்தது. மூன்று வாரம் அதை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்து, ஒரு ஞாயிறு பிற்பகல் விடுதி வாசலுக்குப் போனேன். அங்கேயும் ஒரு பதிவேடு. பார்க்க வந்தவர் பெயர், கொண்டுவந்த பொருள். பொருள் என்ற கட்டத்தில் 'தாள் ஒன்று' என்று எழுதினேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் வந்து நின்றாள். மன்னிப்பு உரையொன்று தயாரித்துப் போயிருந்தேன். அதிலும் மூன்று பத்திகள். முதல் பத்தி தாண்டுவதற்குள் அவள் கையை உயர்த்தினாள்.

"தெரியும்ணே. நீங்க படிச்சுக் காட்டுன அன்னைக்கே தெரியும். கயித்த விட்டுட்டியன்னு அப்பவே பாத்தேன். சரி, நம்ம அண்ணன்தான, வேணும்னா எழுதிக்கிடலாம்னு இருந்தேன்."

"அப்படியானால் அன்று ஏன் சொல்லவில்லை?" பதற்றத்திலும் எனக்கு மேடைத் தமிழ்தான் வந்தது.

"நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். நடுவுல ஒரு தரம் நின்னிய பாத்தீங்களா, அப்ப சொல்லிருவியன்னே நெனச்சேன்." கதவுக் கம்பியிலிருந்த துருவை நகத்தால் சுரண்டினாள். "பொறவு நான் சொன்னா, அதுக்கும் ஒரு பேச்சு பேசுவிய. எதுக்குண்ணே?"

ஞாயிறும் மிகைநேர வேலை கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னாள். தாளை வாங்கிக்கொள்ளவில்லை. நான் வெளியேறும்போது காவலாளி பதிவேட்டைப் பார்த்து, "தாள குடுத்தாச்சா?" என்று கேட்டார். இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன்.

அந்த மேசை அதன்பின் கூடவில்லை. பசவராஜ் குடும்பத்தோடு தும்கூர்ப் பக்கம் போய்விட்டார். அந்த முன்னறை சாலை அகலமானபோது இடிபட்டது. ஆலையில் படிவங்களே இல்லை, எல்லாம் கைக்கணினி என்கிறான் முனிராஜ். இசக்கி எந்த ஊரில், எந்த ஆலையில் இருக்கிறாள் என்று அவனுக்கும் தெரியவில்லை. அவளுடைய தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் முகர்ந்து பார்த்தேன். இயந்திர வாடை போய்விட்டது. மேடை ஏறுவதை நான் விடவில்லை. ஆனால் கைதட்டல் வரும் இடங்களில் இப்போதெல்லாம் என்மீதே எனக்கு ஓர் அருவருப்பு, அந்த வறுவல் எண்ணெயைப் போலவே பிசுபிசுப்பாக.

விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, கூடத்துப் பெண்ணிடம் ஒரு வெற்றுத் தாள் கேட்டேன். அவள் மேசை மேசையாகத் தேடினாள், எங்கும் இல்லை.

"எதுக்கு சார் பேப்பர்?"

"ஒரே ஒரு பொருள் எழுத வேண்டும்."

"என்ன பொருள்?"

"கயிறு."

அவள் சிரித்துவிட்டாள். என் முன்னால் கிடந்த அட்டையைத் திருப்பி, கடைசி வரியில் விரல் வைத்துக் காட்டினாள். "அதுலயே இருக்கே சார். எல்லாருக்கும் குடுத்திருக்கோம்."