மடிச்சூடு

பேய் பிசாசுன்னு யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிர்ற ஆளு நான். பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார், எதுக்கும் காரணம் கேக்குற புத்தி. அதனால நான் சொல்றதை நீங்க நம்பலேன்னாலும் எனக்கு வருத்தமில்ல, சிரிக்க மட்டும் செய்யாதீக.

எங்க மாதா கோயில் பேண்டு செட்டுல நான் ட்ரம்பட் வாசிக்கிறேன். காரைக்குடியில பழைய சாமான் கடையில வாங்குனது, கொத்தமங்கலத்துல ஏதோ பெரிய வீட்டைப் பிரிச்சப்ப வந்துச்சாம். புது ட்ரம்பட்டெல்லாம் வெடுக்குன்னு கத்தும். இது கனிஞ்ச குரல், தெருக்கோடியில நின்னு கேட்டாலும் பக்கத்துல ஒருத்தர் பேசுறாப்புல இருக்கும். ஆனா ஏகப்பட்ட மூச்சு கேக்கும், நடு வால்வு சரியான சோம்பேறி, எல்லாத்துக்கும் மேல பித்தளை சில்லுன்னு இருந்தா சுதி இறங்கிரும். மத்த ட்ரம்பட்டும் இறங்கும்தான், இது மானத்தையே வாங்கிரும்.

அதுக்கு வைத்தியம் என் வீட்டுக்காரி ஸ்டெல்லாதான். பூசை நடக்குறப்பவே அதைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிருவா, நான் வாசிக்கப் போறப்ப கதகதன்னு கையில குடுப்பா. "மடியில வைக்க நமக்கு வேற என்ன இருக்கு வாத்தியாரே"ம்பா. எங்களுக்குப் பிள்ளை இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா.

"நான் செத்தா நீங்கதான் வாசிக்கணும்"னும் சொல்லியிருந்தா. போன வருஷம் கார்த்திகை மழையில காய்ச்சல் வந்து மூணே நாள்ல போயிட்டா. அடக்கத்தன்னைக்கு ட்ரம்பட்டை எடுத்தேன், ஐஸா இருந்துச்சு. வெளியூர் செட்டுக்காரங்க வேற வந்து நிக்கிறாக. "துக்க வீட்டுல யாருண்ணே சுதி பாக்கப் போறா, ஊதுங்க"ன்னு எங்க செட்டுல டிரம் அடிக்கிற அந்தோணி கெஞ்சுனான். நான் பெட்டியை மூடிட்டேன். பொண்டாட்டியைத் தூக்கிட்டுப் போறாக, நான் கௌரவம் பாத்தேன்.

அப்புறம் அதைத் தொடவேயில்ல. இந்தக் கல்லறைத் திருநாளுக்குத்தான், இன்னைக்காவது அவளுக்கு வாசிச்சிரணும்னு எடுத்துட்டுப் போனேன். சாயங்காலம் நாலு மணி, நல்ல வெளிச்சம், சுத்தி ஜனம். காலையிலயிருந்து தூறல். பெட்டியை அவ கல்லறை மேல வச்சு, மாலையைப் போட்டு, முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டு, திறந்து ட்ரம்பட்டைத் தூக்குனா, நம்புனா நம்புங்க, கதகதன்னு இருக்கு. வெயில்ல வச்சிருப்பேன்னு சொல்லுவீக, அன்னைக்கு வெயிலே இல்ல. மெழுகுவத்தி அங்குட்டு கால்மாட்டுல எரியுது. பெட்டி சில்லுன்னு இருக்கு, உள்ள விரிச்ச துணி சில்லுன்னு இருக்கு, ட்ரம்பட்ல மட்டும் சூடு, அதுவும் ஒரு பக்கம் மட்டும், மடியில படுற பக்கம்.

நான் பதறிப்போய்க் கையை உதறிட்டேன். கீழ விழுந்துருச்சு. அந்தோணி ஓடி வந்து எடுத்துக் குடுத்தான், "நல்லா குளுந்து கிடக்குண்ணே"ன்னான். வாங்கிப் பாத்தா, ஆமா, ஐஸாத்தான் இருந்துச்சு. அப்படியே வாசிச்சேன். சுதி இறங்கித்தான் இருந்துச்சு, அழுதுக்கிட்டே முழுப் பாட்டையும் வாசிச்சு முடிச்சேன்.

எப்படிச் சூடாச்சுன்னு இன்னைக்கும் தெரியல, அது என்னை உறுத்தவும் இல்ல. எனக்குன்னு அவ்வளவு நேரம் மடியில வச்சிருந்து அவதான் குடுத்தான்னா, அதைக் கையில வாங்கிக்காம உதறிட்டேனே. ஸ்டெல்லாவுக்கா நான் பயந்தேன்?