சோறு வேகும் நேரத்தில் கிடைத்த ஊர்

நான் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். என் தகப்பனும் அங்கேதான் பிறந்தார். கொழும்பில் என்னை வெளியாள் ஆக்கியவர்கள், ரயிலேறி வந்து கொழும்பில் வாடகைக்கு இருந்தவர்கள்.

வெள்ளவத்தையில் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கும் வேலை எனக்கு. தங்கை கலியாணம் முடித்ததும் நான் படுத்த அறை அவள் புருஷனுக்குப் போயிற்று. கடைக்குக் கிட்ட ஒரு கட்டில் போட இடம் தேடினேன். முதலாளி, கடற்கரை ஒழுங்கையில் இருந்த ஒரு சமறிக்கு அனுப்பினார். யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்தே ஒரு சமையற்காரனையும் கூட்டி வந்து வைத்திருக்கும் வீட்டுக்குச் சமறி என்று பெயர். அங்கே ஐந்து பேர் இருந்தார்கள்.

மூத்தவர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே கேட்டார்.

"நீர் எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை."

"அது நீர் இருக்கிற இடம். நான் ஊரைக் கேக்கிறன்."

எனக்கு வேறு ஊர் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாட்டன் எங்கிருந்து வந்தார் என்று வீட்டில் யாரும் கதைத்ததில்லை. அவர் கேட்டது ஊரை அல்ல, சாதியை என்று விளங்க எனக்கு ஒரு கிழமை சென்றது. அதை நேரே கேட்கத் துணிவில்லாத அளவுக்குப் படித்திருந்தார்கள்.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். அதுவரை விறாந்தையில் படுக்கலாம். உள்ளே கட்டிலோடு ஓர் அறை பூட்டிக் கிடந்தது. சாப்பாடும் எனக்கு விறாந்தையில்தான், தனியாக ஓர் எனாமல் தட்டில். மழை நாட்களில் கடற்காற்று சாரலைக் கொண்டுவந்து பாயை நனைக்கும். சுவரோடு ஒட்டிக்கொண்டு அந்த அறையின் மூடிய யன்னலைப் பார்த்துக் கிடப்பேன். அந்தக் கட்டில் கிடைக்குமா என்று வாய் திறந்து கேட்க எனக்குக் கூச்சம். அவர்களாகவும் சொல்லவில்லை. கந்தோரில் கடுதாசியை மேசைக்கு மேசை தள்ளிப் பழகியவர்கள் என்னையும் ஒரு வருஷம் அப்படியே தள்ளினார்கள்.

பிறகு நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். கொட்டாஞ்சேனையில் பூசைக்குப் போயிருந்த நான் நடந்தே திரும்பி வந்தபோது, வீட்டில் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையற்காரன் ஏற்கெனவே ஓடிவிட்டான். ஒருவர் மற்றவரின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினார். மூத்தவர் சாவிக்கொத்தை என் கையில் வைத்தார்.

"உமக்குப் போறதுக்கு ஊர் இல்லைத்தானே. வீட்டைப் பாரும்."

அந்தக் கொத்தில் பூட்டிய அறையின் சாவியும் இருந்தது. நான் திறக்கவில்லை. அதை நல்ல குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம், பயம். குசினியை மட்டும் பாவித்தேன். தட்டுத் தடுமாறிச் சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் பழகினேன். விறாந்தையிலேயே படுத்தேன்.

சில கிழமைகள் கழித்து மூத்தவரும் இன்னும் இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் குண்டுப் பயத்தை வென்றுவிட்டது. சமையற்காரன் வர மறுத்துவிட்டானாம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளும் பூட்டு. என் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நெத்தலிக் குழம்பு வாசம் முன் வாசல்வரை போயிருக்க வேண்டும்.

மூவரும் முன் அறையில் குசுகுசுத்தார்கள். பிறகு மூத்தவர் குசினி வாசலில் வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"ஊரில உம்மைப்பற்றி விசாரிச்சனான். உம்மட ஆக்கள் இளவாலைப் பக்கமாம்."

நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். யாழ்ப்பாணத்தில் அந்த ஊர் எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது. என் தகப்பனின் பெயரை அவர் ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை, யாரைப்பற்றி விசாரித்தாரோ.

"நல்ல ஆக்கள்," என்றார் பானையைப் பார்த்தபடி.

பின்னால் நின்ற இளையவர் பொறுமை இழந்தார். "ஓமெண்டு சொல்லுமன் ஐசே. பசிக்குது."

"ஓம்," என்றேன்.

மூன்று பேரும் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். எனக்கும் பீங்கான் தட்டு வந்தது. அன்று பின்னேரமே அறையைத் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷம் நகராத விசாரணை, அரிசி வேகும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அவர்களை நான் இன்றுவரை மதிக்கவில்லை. அந்தக் கட்டிலில் அன்றிரவு நன்றாகத் தூங்கிய என்னையும் அவர்களோடுதான் சேர்க்கிறேன்.

அண்மையில் கடைக்கு ஒருவர் ஆணி வாங்க வந்தார். மூத்தவர் அனுப்பினவராம்.

"நீங்களும் இளவாலையாமே? எவடம்?"

"கோயிலடி," என்றேன். ஊரென்றால் ஒரு கோயில் இருக்கத்தானே வேண்டும்.

அவர் முகம் மலர்ந்து, தன் வீடும் கோயிலடிதான் என்று கதிரையை இழுத்தார். நான் குனிந்து, ஏற்கெனவே நிறுத்த ஆணியைத் திரும்பவும் தராசில் கொட்டி நிறுக்கத் தொடங்கினேன்.