கை எட்டுகிற ஊர்

கடப்பாறைச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் சிவசைலம் அண்ணாச்சிக்கு அப்புறம் கடையில் இருப்புக் கொள்ளாது. கண்ணில் மாட்டிய லென்சை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். பிரித்துப் போட்ட கடிகாரத்தின் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்ப்பார். செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பிவிடுவார். தென்காசியில் எந்தத் தெருவில் எந்தச் சுவர் விழுகிறதோ அங்கே போய், தூசி படிய நின்று பார்ப்பார். இடிக்கிற ஆட்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான்.

"தம்பி, சுண்ணாம்பு ஒரு சில்லு, செங்கல் ஒரு துண்டு. காலுக்கடியில கெடக்குததே போதும்."

கிடைத்ததை மடியில் முடிந்துகொண்டு திரும்பி வருவார். கடை வாசலில் அதற்குள் இரண்டு பேராவது கோபத்தோடு காத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் கடையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தெருவில் நிற்க வேண்டிய அளவு. சாரல் தொடங்கும்போது கொடுத்த கடிகாரம் தீபாவளிக்குக் கைக்கு வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. என் கடிகாரம் அங்கே இருந்த காலம்தான் என் கையில் இருந்த காலத்தைவிட அதிகம். அவசரம் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் அண்ணாச்சி, நேரம் எங்கன போயிரப் போவுது?" என்றார். கடிகாரக் கடைக்காரர் சொல்கிற பேச்சா இது? ஒன்று கவனித்தேன். உட்கார்ந்த இடத்தை விட்டு அவர் எழுந்து எதையும் எடுப்பதில்லை. திருப்புளி, எண்ணெய்ப் புட்டி, கூஜா எல்லாம் கையை நீட்டினால் கிடைக்கிற தூரத்தில் இருக்கும். சோம்பலா என்று கேலி செய்ததற்கு, "எட்டணும்லா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அடிக்கடி கேட்கலாம். அதற்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள நான் மேலகரத்துக்கு, அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

வாடகை வீடு. உள் அறையில் ஒரு சின்னக் கட்டில். அதன் வலப்பக்கத்தில், கட்டிலின் உயரத்துக்கே, பிறை வடிவில் வளைந்த ஒரு பலகை. பலகைமேல் ஒரு ரயில்வே. தண்டவாளம் குடைக்கம்பி, சாரல் ஊரில் செத்த குடைக்குப் பஞ்சமா? குறுக்கே அடுக்கிய கட்டைகள் தீக்குச்சி. எஞ்சினுக்குள் பழைய டைம்பீஸின் வில். சாவி கொடுத்தால் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு, தென்காசி ஸ்டேஷனில் புறப்பட்டு, மேலகரத்து வயல்களைத் தாண்டி, நேரே குற்றாலத்து அருவிக்குப் போய் நிற்கும். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டி வருகிற ஈயத்தாளைக் கசக்கித் தொங்கவிட்டதுதான் அருவி. நிஜத்தில் குற்றாலத்துக்கு ரயில் கிடையாது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

வழியில் இருக்கிற கட்டடங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பெரிய மனிதர் வீடு ஒன்றுகூட இல்லை. ஜட்கா வண்டிகள் நின்ற தகரக் கொட்டகை. கோலி சோடா விற்ற ஓட்டுக் கடை. தண்ணீர்ப் பந்தல். உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்த கிட்டங்கி. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த நாளில் மூட்டை முடிச்சை அவிழ்த்துச் சோதித்த சாவடி. எல்லாம் தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தவை. கோயில் எங்கே அண்ணாச்சி என்றேன். "அது எங்கயும் போயிராதுல்லா" என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்த வழியோரக் கட்டடங்களில் ஒன்றுகூட இன்று ஊரில் இல்லை. ஒவ்வொன்றும் இடிந்தபோது மடியில் முடிந்து வந்த செங்கல்லைப் பொடித்து, சுண்ணாம்பைக் குழைத்து, அந்தந்தக் கட்டடத்துக்கு அதனதன் பொடியையே பூசியிருக்கிறார். சோடாக் கடையின் சுவரைத் தொட்டால் சோடாக் கடையின் சுவர்தான் விரலில் ஒட்டுகிறது.

தொடலாம், தாராளமாக. கொலு வைத்த வீட்டில் எல்லாம் "தொடாதே, தொடாதே" என்று பிள்ளைகள் முதுகில் ஒரு கை இருக்கும். இங்கே தெருப் பிள்ளைகள் வந்து கொட்டகையைத் தூக்கிப் பார்க்கும், ரயிலைக் கவிழ்க்கும். மனிதர் பேசாமல் நிமிர்த்தி வைப்பார். ஆனால் சாரல் வந்துவிட்டால் பலகை ஊறிப் பூச்சி வைத்துவிடும். வருஷா வருஷம் பாதி ஊரைத் திரும்பக் கட்டுகிறார். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது என்று அவருக்குத் தெரியாதா?

"விஷம்லா அது? பிள்ள கைய வாயில வைக்கும்லா?" என்றார்.

தெருப் பிள்ளைகளைச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

குழல்வாய்மொழி அவருடைய ஒரே பெண். வீட்டில் குழலி. நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நாளில் இளம்பிள்ளை வாதம் வந்து, இரண்டு காலையும் இடது கையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது வலது கை ஒன்று. அருவித் தண்ணீர் காலில் விழுந்தால் நரம்புக்கு நல்லது என்று யாரோ வைத்தியர் சொல்ல, வாரம் தவறாமல் ஜட்காவில் தூக்கிக்கொண்டு குற்றாலம் போய்வந்தார்கள். எப்போதாவது தென்காசிக்கு, ரயில் பார்க்க. அந்தக் குழந்தை பார்த்த உலகம் அந்த ரோடும் அதன் இரண்டு பக்கமும்தான். ஜட்கா நின்ற இடம், சோடா குடித்த இடம், மழைக்கு ஒதுங்கிய இடம்.

அப்புறம் தூக்கிப்போகவும் முடியாத நாள் வந்தது. படுத்த படுக்கையானாள். கடிகாரம் ரிப்பேர் செய்கிற மனிதர் வேறு என்ன செய்வார்? ஊரைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். பலகை ஆடி அவளுக்கு நொந்துவிடக் கூடாது என்று கட்டிலோடு சேர்த்து ஆணி அடித்தார். முருங்கைக் குச்சி ஒன்றை அவள் கை நீளத்துக்கு நறுக்கிக்கொண்டு, அந்தக் குச்சிக்கு உள்ளே எல்லாவற்றையும் வைத்தார்.

"யப்பா, குத்தாலத்துக்கு ரயிலு ஏம்ப்பா போவல?" என்று கேட்டாளாம்.

"அங்கன தண்டவாளம் இல்லம்மா."

"போட்டாப் போச்சு."

போட்டார். கோயில் வைக்கட்டுமா என்றதற்கு, "மொட்டைக் கோபுரம் சன்னல்லயே தெரியுதுல்லா. சோடாக் கடைய வையி" என்றாளாம். இதைச் சொல்லும்போது அண்ணாச்சி சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நயா பைசா வந்த வருஷம், சாரல் நாளில், மார்புச் சளியில் குழலி போய்விட்டாள். ஒன்பது வயசு. அதற்குப் பிறகுதான் ஊர் விழ ஆரம்பித்தது. பஸ் வந்ததும் ஜட்காக் கொட்டகை போயிற்று. ரோட்டை அகலமாக்கப் பந்தல் போயிற்று. அவள் பார்த்த இடம் ஒவ்வொன்றாக இல்லாமல் போகப்போக இவர் கடையைப் போட்டுவிட்டு ஓடினார். ஊர்க்காரர்கள் நட்டு கழன்றுவிட்டது என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

பலகையின் வெளி ஓரம் நெடுக ஒரு சாண் அகலத்துக்கு வெறுமையாகக் கிடந்தது. ஒரு செடி இல்லை, ஒரு கல் இல்லை. இடம் இருக்கிறதே, நெருக்கியடித்து வைத்திருக்கிறீர்களே என்று கேட்டேன்.

"அது வருஷத்துக்கு வருஷம் கை வளரும்னு விட்ட எடம்" என்றார்.

இருந்திருந்தால் குழலிக்கு இப்போது பதினேழு.

அவர் மனைவி இராமலட்சுமி மதினி அந்த அறைக்குள் வருவதில்லை. வாரியலோடு வாசல்படி வரைக்கும் பெருக்குவார். அதற்கு உள்ளே அண்ணாச்சிதான் பெருக்க வேண்டும். சாயந்தரம் ரயில் ஓடுகிறபோது அடுக்களையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடும். "அவளுக்கு இது ஆவாது" என்பார் அவர். நான் போனால் கதவுக்குப் பின்னால் நின்று காபியை நீட்டும் கையை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த வீட்டுக்கே நாள் குறித்தாகிவிட்டது. வீட்டுக்காரர் தளவாய் கெட்டவர் இல்லை. சீசனுக்கு வருகிறவர்களுக்கு லாட்ஜ் கட்டப்போகிறார். தை பிறந்ததும் காலி செய்யுங்கள் என்று தேங்காய் பழத்தோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். தென்காசியில் வேறு வீடு பார்த்தாயிற்று. வினை வேறு இடத்தில் இருந்தது. பலகையை அறைக்குள் வைத்தே கட்டியிருக்கிறார். கட்டிலிலிருந்து கழற்றி எப்படித் திருப்பினாலும் வளைவு வாசல் நிலையில் இடிக்கும். ஒரு சாண் அதிகம். வெறும் ஓரத்தை அறுத்துவிட்டால் சொகமாக வெளியே வந்துவிடும் என்று பார்த்த தச்சர் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். ஓரத்தில் சாக்பீசால் கோடு போடுவதும் துண்டால் அழிப்பதுமாக ஒரு மாதம் ஓட்டினார் அண்ணாச்சி.

போன வாரம் ஒரு மத்தியானம், இரவல் ரம்பத்தோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பலகையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். உள்ளே போனதும் ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்த வீடு. ஓடு, சன்னல், வாசல்படி எல்லாம். கட்டிலுக்கு மேலே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பைச் சுரண்டியிருந்தது.

"நம்ம வீட்ட ஏம்ப்பா வைக்கலன்னு கேட்டா. வீட்டுக்குள்ளதானே இருக்கோம் பாப்பான்னு சொல்லிட்டேன்" என்றார். "இத வச்சிட்டு அறுத்துருவோம்."

உள்ளே இடம் இல்லை. கடைசிக் கட்டடத்துக்கும் வெறும் ஓரத்துக்கும் நடுவில்தான் வைக்க வேண்டும். முருங்கைக் குச்சியை எடுத்தார். ஒரு நுனி செல்லரித்து உதிர்ந்திருந்தது.

"ஒரு விரக்கடை போயிருக்கா, ரெண்டு விரக்கடை போயிருக்கா, தெரியலயே."

"உத்தேசமா வைங்க அண்ணாச்சி" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "உத்தேசமாவா? எட்டலைன்னா என்ன செய்வா?"

அவர் வீட்டை ஒரு இடத்தில் வைத்தார், எடுத்தார், கொஞ்சம் தள்ளி வைத்தார், மறுபடி எடுத்தார்.

வாசலில் நிழல் தட்டியது. இராமலட்சுமி மதினி படியைத் தாண்டி உள்ளே வந்தார். நான் இருப்பதை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, தலையணை கிடந்த பக்கம் தலையைச் சாய்த்துப் படுத்தார். நான் சட்டென்று நகர்ந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். தோளைத் தூக்காமல், முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, வலது கையைப் பலகைமேல் நீட்டினார். அவர் உடம்பில் அந்தக் கை மட்டும் குழந்தையின் கையாகச் சுருங்கியிருந்தது. தினமும் குளிப்பாட்டி, துடைத்து, சட்டை மாட்டிவிட்ட பிள்ளையின் கை எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குக் குச்சி தேவைப்படவில்லை.

"இம்புட்டுதான்" என்றார். "இம்புட்டுதான் எட்டும். இங்கன வைங்க."

அண்ணாச்சி வீட்டை அந்த விரல் நுனிக்கு அடியில் வைத்தார். விரல் அதன் ஓடுகளைத் தடவிப் பார்த்தது. அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு அந்தப் பக்கம் நீளமாகக் கோடு கிழித்து, ரம்பத்தை எடுத்தார். பலகையைப் பிடிக்க நான் குனிந்தேன்.

"அறுக்காண்டாம்" என்றார் மதினி, படுத்தபடியே. "வீட்ட இடிக்கிறவாக வாசல் நிலையத்தானே மொதல்ல எடுப்பாக. ரெண்டு நாள் முந்தியே எடுக்கச் சொல்லுங்க. தளவாய் மாட்டம்னா சொல்லப்போறாரு?"

தென்காசியில் அத்தனை வீடு இடிவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மனுஷர். தன் வீடு என்றதும் இது தோன்றவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, துண்டு நுனியால் சாக்பீஸ் கோட்டை அழிக்கத் தொடங்கினார்.

மதினி கையை எடுக்கவில்லை. மடக்கிய முழங்கை மெல்ல நிமிர்ந்தது. விரல்கள் அந்தக் குட்டி வீட்டைத் தாண்டி, அழிந்த கோட்டைத் தாண்டி, ஒன்றுமே வைக்காத வெறும் பலகைமேல் நகர்ந்து போய், கடைசி ஓரத்தைப் பிடித்துக்கொண்டன.