சமையலறைச் சாவி ஆர்லிஸிடம் நின்ற கதை

ஆர்லிஸ் குவாம்மி மூன்று வருஷமாக ஒரே பொய்யைச் சொல்லிவந்ததில், அது பொய் என்பதே அவளுக்குப் பாதி மறந்துவிட்டது. வாரத்தில் நான்கு நாள் விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு, நாற்பது மைல் தள்ளி மலையடியில் இருக்கும் பழைய தங்கச் சுரங்க ஊருக்குப் போவாள். ஓட்டலில் படுக்கை விரிப்பு மடிப்பதாக ஊரில் பேர். உண்மையில் அவள் சூதாட்ட விடுதியில் மேஜைக்குப் பின்னால் நின்று சீட்டுக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தெற்கு டகோட்டாவில் கோதுமை, மாடு, காற்று மூன்றையும் விட்டால் வெளியூர்க்காரன் பார்க்க என்ன இருக்கிறது? அரசாங்கம் யோசித்துச் சூதாட்டத்தைத் திறந்துவிட்டது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாட்டு விலை விழுந்திருந்த நேரம். "போயேன். மாடு என்னிக்காவது டிப்ஸ் குடுத்திருக்கா?" என்றான் கணவன் கேலன். அதோடு வீட்டுச் சம்மதம் முடிந்தது.

சிக்கல் லூத்தரன் தேவாலயத்தில் இருந்தது. சூதாட்ட விடுதியில் வேலை செய்கிறவள் தேவாலயச் சமையலறைப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று மாதர் குழுத் தலைவி டெலோரஸ் ஸ்டென்ஸ்ருட் சட்டம் எழுதிச் சுவரிலேயே ஒட்டிவிட்டாள். சமையலறைச் சாவியோ ஆர்லிஸிடம். அந்த ஊரில் மேயர் பதவிக்கு ஆளைப் பிடித்து இழுத்துவர வேண்டும். சாவிக்கு மட்டும் பன்னிரண்டு வருஷம் உருளைக்கிழங்கு உரித்துக் காத்திருக்க வேண்டும். ஆர்லிஸ் உரித்து வாங்கினவள்.

அக்டோபர் மீன் விருந்து வந்தது. காரநீரில் ஊறிக் கூழாகிப்போன காட் மீனைத் தின்பதற்கென்றே சுற்றுவட்டத்து நார்வேக்காரர்கள் திரண்டிருந்தார்கள். ஆர்லிஸ் ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டி வைத்துத் தட்டுகளை இடமிருந்து வலமாகச் சரசரவென்று தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு, அவளை மாற்றிவிட மாதர் குழுவைச் சேர்ந்த பெர்னிஸ் வந்தாள்.

"போய் உக்காருடி, நான் பாத்துக்கறேன்."

ஆர்லிஸ் கத்தியை வைத்தாள். கைகளை ஒருமுறை தட்டினாள். விரல்களை விரித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டினாள். மேஜையை விட்டு நகர்கிற சீட்டுக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று கூரைக் கேமராவுக்குக் காட்டுவது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்த கை, தானாகச் செய்துவிட்டது.

மாவு ஒட்டியிருந்தது என்று சொல்லித் தப்பிக்க வாயைத் திறந்தாள். டெலோரஸ் முந்திக்கொண்டாள்.

"இங்க கேமரா இல்ல, ஆர்லிஸ். யாருக்குக் கையக் காட்டுற?"

டெலோரஸ் கையை நீட்டினாள்.

"விரிப்பு மடிக்கிறேன்னு மூணு வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்க! எடு சாவிய."

ஆர்லிஸ் முகம் வெளுத்துப்போய் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். பெர்னிஸ் குறுக்கே வந்தாள்.

"ஒரு நிமிஷம், டெலோரஸ். இவ மாவைத் தட்டறாள்னுல்ல நான் நெனச்சேன். கேமராவுக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தங்கச்சி புருஷன் சொன்னாரு."

"அவரு செத்து ஆறு வருஷமாச்சே! சூதாட்டம் வந்தே நாலு வருஷந்தான் ஆகுது."

தொட்டியருகே உட்கார்ந்து கரண்டி துடைத்துக்கொண்டிருந்தாள் எண்பது வயது இங்கபோர்க். காது மந்தம், அதனால் எதையும் கத்தித்தான் சொல்வாள்.

"செவ்வாக்கிழமை கண் டாக்டர்கிட்டப் போறேன்னு கெளம்புவியே, டெலோரஸு, அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன். இருபத்தொண்ணத் தாண்டினா தோல்வி. அந்தச் சூதாட்ட மேஜையில உன் கையில பதினேழு. அப்பறமும் எவளாவது இன்னொரு சீட்டு கேப்பாளா? மேஜையே தலையில அடிச்சுக்கிச்சு!"

"உங்களுக்கு அங்க என்ன வேலை?" என்று சீறினாள் டெலோரஸ்.

"பஸ்ஸுல போனா மாட்டிறைச்சி வறுவல் சாப்பாடு இலவசம்டி. தின்னுட்டு சும்மா எழுந்து வந்தா மரியாதையா இருக்குமா? அதான் ரெண்டு ஆட்டம்."

பெர்னிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த வேகத்தில், "அந்த வறுவல்ல உப்பு கொஞ்சம் தூக்கல்," என்று உளறி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆர்லிஸ் மட்டும் பேசவில்லை. மேஜைக்கு யார் வந்தார்கள், எவ்வளவு விட்டார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது. தொழிலில் அது முதல் பாடம். தன் விடுதிக்கு எதிரே இருந்த சூதாட்ட விடுதிக்கு டெலோரஸ் போவது இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும். டெலோரஸ் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியுமா?"

"நான் விரிப்பு மடிக்கிறவ. எனக்கென்ன தெரியும், டெலோரஸ்?"

டெலோரஸின் முகம் கழுத்து வரை சிவந்தது. கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு சுவரண்டை போனாள். தன் சட்டத்தை ஒருமுறை படித்தாள். 'வேலை செய்கிறவள்' என்பதற்கு முன்னால், 'ஞாயிற்றுக்கிழமைகளில்' என்று பொடி எழுத்தில் நுழைத்தாள். ஞாயிறு ஆர்லிஸுக்கு விடுமுறை.

"என்ன வேடிக்கை பாக்கறீங்க?" என்று திரும்பி எல்லாரையும் அதட்டினாள். "வெளிய ஜனம் காத்துக்கிட்டிருக்கு. சாவிக்காரி, காபி எங்க?"