பாம்புக்காது

தொலைபேசி அலுவலகத்தில் பழுதுச் சோதனை மேசையில் இருப்பவளை எல்லோரும் டெஸ்ட் அக்கா என்பார்கள். அவள் வீட்டுக்காரர் கேபிளுக்கு ஜாயின்ட் போடுபவர், பட்டப்பெயர் பாம்புக்காது. பெயர் சும்மா வரவில்லை. மேசையிலிருந்து அவள் பழுதான லைனில் டோனை ஏற்றுவாள். தெருமுனைப் பெட்டியில், சிக்குப்பிடித்த முடிபோலக் கிடக்கும் கம்பிகளுக்குள் அவர் சோதனைக் கருவியை ஓட்டுவார். அந்த லைனுக்குரிய கம்பி ஜோடியைத் தொட்டால் கருவியிலிருந்து ஊசிபோல ஒரு விசில். பக்கத்துக் கம்பிகளிலும் அது கொஞ்சம் கசியும். எது நிஜம், எது கசிவு என்று பஸ் இரைச்சலுக்கு நடுவிலும் பிரித்துவிடுவார். கல்யாணத்துக்கு முன் இருவரும் பேசிக்கொண்டதே அவ்வளவுதான்: "கேக்குதா சார்?" "கேக்குது மேடம்."

அன்று காலையில் தையல்காரர் போனில் பிடித்துக்கொண்டார். "என்னக்கா, நெட் வரலைன்னு புகார் குடுத்தேன். உங்க வீட்டுக்காரர் நேத்து வந்து கம்பியை மாத்திட்டுப் போனார். இப்ப யார் யாரோ கூப்பிட்டு, 'டாக்டர், பிள்ளைக்குக் காய்ச்சல்'ங்கறாங்க. காய்ச்சலுக்கு நான் எப்படி அளவெடுக்கறது?"

அவளும் சிரித்துவைத்தாள். கிளினிக்கின் ஜோடியைத் தூக்கித் தையல்கடைக்குக் கொடுத்திருக்கிறார். கிளினிக் போன் செத்துக்கிடக்கிறது. இப்படி ஆவது முதல் தடவையுமில்லை.

மேற்பார்வையாளர் மேசைக்கே வந்தார். "அக்கா, இன்னொரு தடவை ஜோடி மாறுச்சுன்னா அவரை வெளிவேலைக்கு அனுப்பமாட்டேன். ஸ்டோர்ல உக்கார வெச்சிருவேன்."

"வெயில்ல கண்ணு கூசியிருக்கும் சார். அவரே போய்ச் சரிபண்ணிருவார்."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. போன வாரம் குக்கர் கத்தித் தீர்த்துச் சாதம் அடிப்பிடித்தபோது, அவர் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்புகிறார். கீச்சென்ற விசில்தான் எட்டவில்லையோ?

தெருமுனைப் பெட்டியைத் திறந்துவிட்டு வீட்டுக்காரர் செல்போனில் கூப்பிட்டார். "ஏம்மா, கிளினிக் ஜோடியில டோனைப் போடு."

அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அழுத்தவில்லை. "போட்டாச்சுங்க. கேக்குதா?"

கம்பிகள் உரசின. ஒரு லாரி கடந்துபோனது.

"கேக்குது, கேக்குது. கணீர்னு இருக்கு. வெட்டட்டுமா?"

"வேணாங்க! எதையும் வெட்டாதீங்க. நான் டோனே போடலை."

அந்தப் பக்கம் கம்பிகள் உரசுவது நின்றது.

"என்கிட்டயேவா?" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

"என்னன்னு சொல்றது? தெருவுல பாம்புக்காதுன்னு கூப்பிடறானுங்க..." பெருமூச்சு விட்டார். "சரி, இப்ப போடு."

அழுத்தினாள். கருவி கம்பிகளைத் தடவிப்போவது போன் வழியே கேட்டது. சட்டென்று விசில் எழுந்தது. அவர் நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டார்.

"பின்னாடி வாங்க... இன்னும்... அதுதாங்க!"

அவர் ஜோடியை மாற்றிப் பொருத்தினார். அவள் டோனை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்கு மணியடித்துப் பார்த்தாள், எடுத்தார்கள். கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க மறுபடி டோனைப் போட்டாள்.

"இப்படியே நான் கேட்டுச் சொல்றேங்க. யாருக்கும் தெரியவேணாம்."

"நீ ஒரு நாள் லீவு போட்டா? அன்னைக்கு எவன் வீட்டு லைனை அறுப்பேனோ." கொஞ்சம் நிறுத்தினார். "ஸ்டோருக்கே போறேன்னு சார்கிட்ட சொல்லிரு. நீயே சொல்லு."

"சரிங்க" என்றாள். டோனை நிறுத்த மறந்திருந்தாள். பெட்டியின் இரும்புக்கதவு சாத்தப்படும் வரை, போன் வழியே அந்த விசில் அவளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.